விதிப்படி வளைத்த குழாய்

சிறு பந்தய வண்டிச் சங்கத்தின் ஆண்டு விழாவில் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது, மைதானத்து மூலையில் யாரோ ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். பேச்சு அப்போது "ஆகவே" என்ற இடத்துக்கு வந்திருந்தது. அதற்கு மேல் அவர் சொன்ன ஒரு சொல்லும் யார் காதிலும் விழவில்லை. வண்டி நின்றதும் கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் தன் பேச்சுக்கா, வண்டி நின்றதற்கா என்று தலைவர் வீட்டுக்குப் போயும் யோசித்திருக்கிறார். அடுத்த வாரமே சங்கத்தின் விதிப்புத்தகத்தில் புகைக்குழாய்க்கென்று தனி அத்தியாயம் ஒன்று முளைத்தது. அதற்கு முன்பு அந்த விஷயத்துக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: புகை ஓட்டுபவரின் முகத்தில் அடிக்கக் கூடாது.

புது அத்தியாயம் போய் இறங்கியது சைலன்சர்க்காரரின் தலையில். பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவர் கடை. வேன், ஸ்கூட்டர், ஜெனரேட்டர் என்று எது ஊளையிட்டாலும் அங்கே கொண்டுவந்து தள்ளுவார்கள். வாயை அடைத்து அனுப்புவார். கைத்தொழில் சுத்தம். ஆனால் அச்சில் வந்த எதையும் அப்படியே நம்புகிற மனிதர். இருமல் மருந்து பாட்டிலில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று போட்டிருந்தால், குலுக்கிவிட்டு, இது போதுமா என்று மனைவியிடம் கேட்பார்.

அவருக்கு ஒரு தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். சலவைக் கம்பெனி வேன் ஓட்டுகிறாள். ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போடுவது வேலை. விரிப்புகள் சூடு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன என்று ஹோட்டல்காரர்கள் புகார் சொல்லுமளவுக்கு ஓட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து மைதானத்தில் பந்தய வண்டி. தரையோடு தரையாகப் பாயும் அந்தச் சின்ன வண்டியில் நாலு சக்கரமும் ஒரு இரும்புச் சட்டமும் ஒரு சீட்டும் உண்டு. சீட்டுக்கு வலப்பக்கத்தில், ஓட்டுபவரின் விலாவுக்கு எதிரே எஞ்சின். கதவு, கூரை என்று வேறு எதுவும் கிடையாது. அந்த வருடக் கோப்பையை யார் வாங்குகிறார்களோ அவர்களை ஒரு டயர் கம்பெனி தன் பந்தய அணியில் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. சின்னவள் அப்போதே படுக்கை விரிப்புகளிடம் மனதுக்குள் விடைபெற்றுவிட்டாள்.

அவள் வண்டிக்கு அண்ணன் போட்டிருந்த பழைய குழாய் எஞ்சினிலிருந்து கிளம்பி, பின்பக்கம் ஒரு வளைவு எடுத்து, பம்பருக்கு மேலே குறுக்காகப் படுத்திருக்கும். புகை தடையில்லாமல் போனால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும். மைதானத்து வளைவு முடிந்து நிமிரும்போது வண்டி ஒரு தள்ளு தள்ளும். அந்தத் தள்ளில்தான் சின்னவள் மற்றவர்களைத் தாண்டுவாள்.

பரிசோதனை நாளன்று தொழில்நுட்பச் செயலாளர் வண்டியைச் சுற்றிவந்தார். தராசுகளுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை போடும் ஆபீசில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் டார்ச், ஈயக்கட்டி, குறடு எல்லாம் இருக்கும். முத்திரை போட ஏதும் கிடைக்காத நாட்களில் அவர் முகம் வாடிவிடும் என்று சொல்வார்கள்.

"பின்னாலிருந்து பார்த்தா குழாய் தெரியுது" என்றார்.

தெரியத்தானே செய்யும் என்று சைலன்சர்க்காரர் நினைத்தார். ஆனால் விதி தெளிவாக இருந்தது. பரிசளிப்புப் படங்களில் தலைவர் வண்டிகளுக்குப் பின்னால் நிற்பது வழக்கம்; போன வருடப் படத்தில் ஒரு குழாய் சரியாக அவர் தொப்புளிலிருந்து புறப்படுவது போல விழுந்துவிட்டது. ஆகையால் பின்னாலிருந்து குழாய் தெரியக் கூடாது.

சைலன்சர்க்காரர் குழாயைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். சக்கரத்தின் விளிம்பைத் தாண்டுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மேலே தூக்கினார். மேடையிலிருந்து பார்க்கும் தலைவருக்கு வண்டி எண்ணை மறைக்கிறது என்றார்கள். அடியில் விட்டார். குழாய்க்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும் என்றார்கள். அவர் தன் கையை விரித்து வைத்து, சரியாகத்தானே இருக்கிறது என்று காட்டினார். செயலாளர் பொறுமையாகச் சிரித்தார். ஊரில் ஆளுக்கொரு கை இருக்கிறது, ஒவ்வொரு கையையும் நம்பினால் சங்கம் என்னத்துக்கு என்று கேட்டு, அவரை ஆபீசுக்கு அழைத்துப்போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சுண்ணாம்பில் வார்த்த ஒரு கை விரிந்து கிடந்தது. தலைவரின் கை. விதியில் உள்ள சாண் அதுதான். தலைவர் பெரிய உடம்புக்காரர். அவருடைய சாண், சின்னவளின் வண்டிச் சட்டத்தின் உயரத்தைக் காட்டிலும் அதிகம்.

அடுத்தது சத்தப் பரிசோதனை. வண்டி ஓடிக்கொண்டிருக்க, ஆண்டு விழாவில் தடைபட்ட பேச்சை ஒரு குமாஸ்தா காகிதத்தைப் பார்த்து வாசிப்பார். பத்தடி தள்ளித் தலைவரின் நாற்காலியில் இன்னொரு குமாஸ்தா உட்கார்ந்து கேட்பார். ஒரு சொல் விட்டுப்போனாலும் வண்டி தோற்றது. வாசித்த குமாஸ்தாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கேட்ட குமாஸ்தாவுக்கு இடது காது மந்தம். வண்டி மூன்று தடவை தோற்றது. எஞ்சினை அணைத்துவிட்டு வாசித்துப் பார்க்கலாமா என்று சைலன்சர்க்காரர் பணிவாகக் கேட்டார். பார்த்தார்கள். அப்போதும் தோற்றது. குழாயை இன்னும் நீளமாக்கினால் சத்தம் குறையும் என்று செயலாளர் வழி சொன்னார். அதில் பொய்யில்லை. நீளமாக்கினார், நாலாவது தடவை பேச்சு முழுவதும் கேட்டது. இப்போது முன்னைப் போல ஒன்றரை மடங்கு நீளக் குழாய் கையில் இருந்தது, அதை வைக்க வண்டியில் இடம் இல்லை.

கொட்டகையில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் கூடாது, பக்கத்தில் கூடாது, மேலே கூடாது, கீழே கூடாது. மனைவி சாப்பாடு எடுத்துவந்து வைத்துவிட்டு, குழாயை வீட்டில் வைத்துவிட்டு வண்டியை மட்டும் ஓட்டச் சொல்லக் கூடாதா என்று கேட்டுப் போனாள். அவர் அதையும் விதிப்புத்தகத்தில் தேடினார். கடைசியில் செயலாளரிடமே போனார்.

"ஐயா, சீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல மட்டும்தான் இடம் இருக்கு."

"இருக்குல்ல? அப்புறம் என்ன?"

"அங்க என் தங்கச்சி உட்கார்ந்திருப்பா."

செயலாளர் புத்தகத்தைப் பிரித்து, அத்தியாயத்தை முதலிலிருந்து கடைசி வரை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"புகைக்குழாய் அத்தியாயத்துல தங்கச்சின்னு எதுவும் வரலையே" என்றார். "ஓட்டுநர் வேற அத்தியாயம். அதுக்கு வேற குழு. மாடியில இருக்காங்க."

மாடியில் ஓட்டுநர் நலக்குழு டீ குடித்துக்கொண்டிருந்தது. குழுவின் தலைவி அன்பானவர். உட்காரச் சொல்லி, முழுவதும் கேட்டு, கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். ஓட்டுநரின் உடம்பு எந்தச் சூடான பாகத்திலும் படக் கூடாது என்பது தங்கள் விதி, அதில் விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை என்றார். சைலன்சர்க்காரருக்கு உயிர் வந்தது. அப்படியானால் குழாயை நகர்த்திக்கொள்ள ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். குழாய் கீழ்மாடியின் அதிகாரம், தாங்கள் அதில் தலையிட்டால் நன்றாக இருக்காது என்றார் தலைவி. தங்கள் அதிகாரத்தில் இருப்பது ஓட்டுநர்தான். ஓட்டுநரை வேண்டுமானால் நகர்த்தலாம். குழு கூடிப் பேசி, சின்னவள் வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் இளைத்தால் நல்லது என்று ஆலோசனை கொடுத்து அனுப்பியது.

சின்னவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு நிஜமாகவே சோற்றைக் குறைத்தாள்.

குழாய் உள்ளே வந்தது. எஞ்சினிலிருந்து புறப்பட்டு, முன்னால் மடங்கி, சீட்டை ஒட்டி வளைந்து, திரும்பவும் மடங்கி, குடல் மாதிரி சுருண்டு உட்கார்ந்தது. சின்னவள் உட்கார்ந்தால் அவள் விலாவுக்கும் குழாய்க்கும் நடுவே விரல் நுழையும். மூச்சை இழுத்தால் விரலும் நுழையாது. சைலன்சர்க்காரர் குழாய்மேல் சூடு தாங்கும் கல்நார்த் துணியைச் சுற்றினார். அது குழாயை மறைக்கிறது, மறைத்தால் எதை ஒளிக்கிறீர்கள் என்ற சந்தேகம் வரும் என்று அவிழ்க்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு தகட்டை நிறுத்தினார். புகைப் பக்கம் பார்த்திருக்கும் எந்த இரும்பும் குழாய்தான், ஒரு வண்டிக்கு இரண்டு குழாய் கிடையாது என்று கழற்றினார்கள். சின்னவளின் உடுப்புக்குள் மெத்தைப் பஞ்சு வைத்துத் தைத்தாள் அண்ணி. சீசன் தொடக்கத்தில் பதிவான உடம்பளவு மாறிவிட்டது என்று மாடியிலிருந்து ஆள் வந்து பஞ்சை உருவிப் போட்டார்.

அப்புறம்தான் சைலன்சர்க்காரர் மற்ற வண்டிகளைக் கவனித்தார். எல்லாவற்றிலும் குழாய் பழையபடி பின்னால் ஜம்மென்று படுத்திருந்தது. விசாரித்ததில் எல்லோரும் 'தற்காலிக விலக்கு' வாங்கியிருந்தது தெரிந்தது. விதி வந்த அன்றே வாங்கிவிட்டார்களாம். அப்படி ஒன்று உண்டு என்பதே இவருக்குத் தெரியாது. விதிப்புத்தகத்தில் அது அச்சாகவில்லை. ஓடிப்போய்த் தனக்கும் கேட்டார். விதியை நிறைவேற்ற முடியாதவர்களுக்குத்தான் விலக்கு என்றார் செயலாளர். "நீங்கதான் நிறைவேத்திட்டீங்களே. ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்." சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

வெப்பப் பரிசோதனை எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு நடக்க வேண்டும் என்பது விதி. பந்தயத்தன்று காலையில் செயலாளர் குழாய்மேல் உள்ளங்கையை வைத்தார். "ஜில்லுன்னு இருக்கு" என்று சொல்லி, கம்பி கோத்து, ஈயத்தை வைத்துக் குறடால் அழுத்தி முத்திரை போட்டார். அதை ஒரு தடவை தடவியும் கொடுத்தார்.

அந்த மைதானத்தில் இடது வளைவுகள்தான் அதிகம். வண்டி இடப்பக்கம் திரும்பினால் ஓட்டுகிறவரின் உடம்பு வலப்பக்கம் சாயும். சைலன்சர்க்காரர் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் சின்னவள் சாயாமல், தோளை இறுக்கிக்கொண்டு ஓட்டினாள்; இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். பிறகு அவள் என்ன முடிவு செய்தாளோ, சாய ஆரம்பித்தாள். ஒவ்வொரு வளைவிலும் தலை ஒரு முறை பின்னுக்கு வெட்டிக்கொண்டது. தாண்டிப் போன இரண்டு பேரையும் பிடித்தாள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவளை நிறுத்தச் சொல்லுங்கள், ஏதோ தீயும் வாடை வருகிறது என்றாள்.

அவர் கொடி காட்டும் அதிகாரியிடம் ஓடினார். குழாயில் கோளாறு என்றால் வண்டியை வெளியே கூப்பிடலாம் என்று விதி இருந்தது. கோளாறு இல்லை என்று முத்திரை இருக்கிறதே என்றார் அதிகாரி. வேலி ஓரத்திலிருந்து இவரே கையை ஆட்டிக் கூப்பிட்டார். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு முன்னைவிட வேகமாகப் போனாள்.

சின்னவள் முதலாவதாக வந்தாள். வண்டி நின்றது, அவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாவதாக வந்த பெண், ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்ப்பவள், தன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது; பிறகு சீட்டைவிட்டு வந்தாள். சின்னவள் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்தாள்.

ஸ்ட்ரெச்சருக்கு முன்பே செயலாளர் வந்துவிட்டார். முத்திரை கெடவில்லை என்று பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டார். பிறகு டார்ச்சை அடித்துக் குனிந்தார். குழாயின் வளைவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு புகைந்தது. நகத்தால் சுரண்டினார்.

"முத்திரைக்கப்புறம் குழாய்ல ஏதோ சுத்தியிருக்கீங்க."

"ஐயா, அது என் தங்கச்சியோட தோல்."

"என்ன பொருள்னு விதி கேக்கல. வெளிப்பொருள்னுதான் சொல்லுது. சூட்டைத் தடுக்குற உறை." அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "ஊர்லயே ஒழுங்கா இருந்த ஒரே வண்டி. கடைசி நேரத்துல இப்படிப் பண்ணிட்டீங்களே."

கோப்பை இரண்டாவதாக வந்தவனுக்குப் போனது. டயர் கம்பெனிக்காரர்கள் அவனைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போனார்கள்.

சைலன்சர்க்காரர் மேல்முறையீடு செய்தார். ஒட்டியிருந்தது உறை அல்ல, தோல்தான் என்பதை நிரூபித்தால் பார்க்கலாம் என்றார்கள். எப்படி நிரூபிப்பது என்று கேட்டார். மீதியைக் கொண்டுவரச் சொன்னார்கள். சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். மேல்முறையீட்டுக் குழுவின் முன்னால் பக்கவாட்டில் திரும்பி நிற்க, நர்ஸ் கட்டைப் பிரித்தாள். குழாயைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தார்கள். மாடியிலிருந்து வந்த தலைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். செயலாளர் இரண்டு ஓரங்களையும் டார்ச் வெளிச்சத்தில் ஒப்பிட்டார். "பொருந்துது" என்றார் கடைசியில், திருப்தியாக.

தலைவர் எழுந்தார்.

"இந்தச் சங்கம் கல்நெஞ்சச் சங்கம் இல்லை. சூடுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு விருந்துல சூப் குடிச்சு நாக்கைச் சுட்டுக்கிட்டு, ரெண்டு நாள் என்னால ஒழுங்கா பேச முடியல. அந்த ரெண்டு நாளும் சங்கம் என்ன பாடுபட்டுதுன்னு எல்லாரும் பாத்தீங்க. இந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுது. தோல் இவங்களோடதுன்னு இப்ப சந்தேகமில்லாம தெரிஞ்சுபோச்சு. அதனால குழாய்ல அதைச் சேர்த்தது இவங்கதான். அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்லை. அவர் செஞ்ச குழாய் மாதிரி ஒரு குழாயை இந்தச் சங்கம் பாத்ததில்லை. வர்ற சீசன்லருந்து எல்லா வண்டிக்கும் அந்தக் குழாய்தான். ஒருத்தருக்கும் விலக்குக் கிடையாது. குழாய்களை அவரே செஞ்சு குடுப்பார்."

கைதட்டினார்கள். வேறு சத்தம் எதுவும் குறுக்கிடவில்லை. தலைவர் அதை நன்றாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்த சைலன்சர்க்காரர், செய்ய மாட்டேன், கடையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். வாழ்க்கையில் முதன்முறையாக விதிப்புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். அது அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. மனைவி அதை எடுக்கவில்லை. சின்னவள் இடப்பக்கமாகப் படுத்திருந்தாள். பல நாள் அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டு மாற்றிக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம்தான் அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"எல்லா வண்டிக்கும் அதே குழாயாண்ணா?"

"நான் செஞ்சாத்தானே. செய்ய மாட்டேன்."

"விலக்கு?"

"கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

அவள் விலாக் கட்டின்மேல் கையை வைத்தாள்.

"டாக்டர் இன்னைக்கு ஊசியால குத்திப் பாத்தாருண்ணா. உள்ள நரம்பு செத்துப்போச்சாம். அந்த இடத்துல இனிமே எனக்குச் சூடும் தெரியாது, வலியும் தெரியாதாம். ரொம்ப வருத்தப்பட்டுச் சொன்னாரு."

அண்ணன் அவள் தலையை வருடிக் கொடுத்தார். அவளுக்கு ஆறுதல் தேவைப்படவில்லை என்பது அவருக்கு உடனே புரியவில்லை.

"செஞ்சு குடுண்ணா" என்றாள்.

அவர் கை அவள் தலையிலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். வளைவுக்கு முன்னால் எதிராளியைப் பார்க்கும் முகம். இரண்டு நாள் அவர் கடைப்பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போய்க் குழாய்களை வரிசையாக அறுக்க ஆரம்பித்தார்.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்கு வந்தன. புண் ஆறியதும் சின்னவளும் வந்து கூட நின்றாள். ஆளை சீட்டில் உட்காரவைத்து, எங்கே படும், எங்கே படாது என்று பார்த்துச் சுண்ணக்கட்டியால் கோடு போடுவது அவள் வேலை. அண்ணன் கோட்டின்படி வளைத்துப் பற்றவைப்பார். முன்னெல்லாம் வேலை முடிந்த குழாயைத் தட்டிப் பார்த்து அதன் ஓசையைக் கேட்பார். இப்போது தட்டுவதில்லை.

ஒருநாள் பல் வைத்தியரிடம் வேலை பார்க்கும் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சின்னவளைக் கட்டிக்கொண்டு, எப்படி இருக்கிறீர்கள், ராத்திரியில் தூக்கம் வருகிறதா என்றெல்லாம் விசாரித்தாள். இந்த வருடம் டயர் கம்பெனி இன்னும் ஒருவரை எடுக்கப்போகிறதாமே என்றாள். பிறகு சீட்டில் உட்கார்ந்து, விலாவுக்குப் பக்கத்தில் வந்து நின்ற வெறும் குழாயைத் தயக்கத்தோடு தொட்டுப் பார்த்தாள்.

"ரொம்பச் சுடுமாக்கா?"

"கொஞ்ச நேரம்தான்" என்றாள் சின்னவள். "அப்புறம் பழகிடும்."

அந்தப் பெண் நன்றியோடு தலையாட்டினாள். சின்னவள் குனிந்து, அவள் விலாவுக்கும் குழாய்க்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாகப் போய்வந்தது. பழைய கோட்டை அழித்துவிட்டு வேறொரு கோடு போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளலாம்ணா. விதியில இடம் இருக்கு."

சைலன்சர்க்காரர் தங்கையைப் பார்த்தார். சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்துக்கோம்மா, பொறி படும் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்றவைக்கும் கேஸைத் திறந்தார்.